வலைக்கு நேரே பத்துப் பூஜ்யங்கள்

வைதேகியை நேரில் பார்ப்பதற்கு முன்பே எனக்குப் பிடிக்காது. பத்து மாதமாக அவரை ஒரு பட்டியலில் மட்டுமே அறிவேன். கிழக்குக் கடற்கரையோரம் சில பள்ளிகள் சேர்ந்து, மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை கரையில் ஒதுங்கும் பிளாஸ்டிக்கை எண்ணுகிறோம். எண்ணுவது மாணவர்கள். எண்ணியதைப் பொதுப் பட்டியலில் ஏற்றுவது என்னைப் போன்ற அறிவியல் ஆசிரியர்கள். கொல்கத்தா வைதேகி என்று அதில் ஒரு வரிசை. என் பள்ளியின் வரிசையை ஏற்றிய கையோடு அந்த வரிசைக்குத்தான் போவேன். அவர் எத்தனை பாட்டில் மூடி எண்ணியிருக்கிறார், எத்தனை ஷாம்பு பாக்கெட், எத்தனை வலைத்துண்டு என்று பார்த்துவிட்டு வயிற்றெரிச்சலோடு கணினியை அணைப்பேன்.

என் பள்ளி நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அவருடைய பள்ளி கொல்கத்தாவின் பெஹாலாவில். பெஹாலாவில் ஏது கடல்? மூன்று மணி நேரம் ரயிலிலும் அதற்கப்புறம் பஸ்ஸிலும் போய் அவருடைய பிள்ளைகள் எண்ணிவிட்டு வருகிறார்கள். கடலே இல்லாத ஊர்க்காரிக்குக் கரையில் என்ன வேலை என்பது என் கட்சி. போதாக்குறைக்கு அவர் படங்கள் வேறு அனுப்புவார். ஒரே நிறத் தொப்பி போட்ட பிள்ளைகள், எண்ணும் இடத்துக்கு எல்லையாகக் கட்டிய கயிற்றுக்கு இரண்டு பக்கமும் வரிசையாக நிற்பார்கள். என் பிள்ளைகளிடம் தொப்பி கிடையாது. வரிசையும் கிடையாது.

பத்து மாத எண்ணிக்கையை வைத்து ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுப்பதாகக் குழு அறிவித்திருந்தது. கடைசியில் இரண்டு பள்ளிகள் மட்டும் களத்தில் நின்றன. ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது. தேர்வாகும் பள்ளிக்கு மூன்று வருடம் ஆய்வுப் பள்ளி என்ற இடம், இரண்டு மைக்ரோஸ்கோப், மணல் சலிக்கும் சல்லடைகள், வருடத்துக்கு ஒரு முறை பல்கலைக்கழகத்திலிருந்து ஆள். எங்கள் பள்ளியில் ஒரு மைக்ரோஸ்கோப் இருக்கிறது. அதன் லென்ஸ் உடைந்து நான்கு தலைமையாசிரியர்கள் மாறிவிட்டார்கள். முடிவு சொல்லும் கூட்டம் கொல்கத்தாவில் என்றும், ஒரு மாணவியை அழைத்துக்கொண்டு வர வேண்டும் என்றும் கடிதம் வந்தது. வெளியூர் ஆசிரியர்கள் உள்ளூர் ஆசிரியர் வீட்டில் தங்குவது இந்தக் குழுவில் ஆரம்பம் முதல் உள்ள வழக்கம். ஆக, யாரை ஜெயிக்கப் போகிறேனோ அவர் வீட்டுச் சோற்றைத்தான் மூன்று நாள் சாப்பிட வேண்டும்.

பவித்ராவை அழைத்துப் போனேன். ஒன்பதாம் வகுப்பு. அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். பத்து மாதத்தில் ஒரு சனிக்கிழமைகூட அவள் வராமல் இருந்ததில்லை. எங்கள் வரிசையில் ஒரு மாதம்கூட விட்டுப்போகாததற்கு அவள்தான் காரணம். வைதேகியின் வரிசையிலோ மழைக்காலத்தில் இரண்டு மாதம் காலி. அந்த இரண்டு காலிக் கட்டங்கள்தான் என் சொத்து. பட்டியலை அச்செடுத்துக் கைப்பையில் வைத்திருந்தேன். ரயிலில் பவித்ரா தூங்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஹவுராவில் எங்களுக்காகக் காத்திருந்தவர் நான் ஆசைப்பட்டதைவிட இளமையாக இருந்தார், உயரமாகவும் இருந்தார். கசங்காத பருத்திப் புடவை. "வாங்கோ டீச்சர். ட்ரெயின் ரொம்ப லேட் பண்ணிடுத்து, இல்ல?" என்று என் பெட்டியை வாங்கிக்கொண்டார். ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலைக்கு வந்த கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து கொல்கத்தா டாக்குரியாவிலேயே குடும்பமாம். தமிழ்நாட்டில் தான் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு மாதம் தேறாது என்றார். டாக்ஸிக்காரரிடம் வங்காளியில் பொரிந்து தள்ளிவிட்டு, அதே மூச்சில் என்னிடம் தமிழில் குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கிறதா என்று கேட்டார். இந்தியில் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச எனக்கு முந்தின நாளிலிருந்தே மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

மதியச் சாப்பாட்டில் ரசத்தை வாயில் வைத்ததும் நிமிர்ந்துவிட்டேன். கந்தராஜ் என்று இங்கே ஒரு எலுமிச்சை இருக்கிறது. அதைப் பிழிவதற்கு முன்பே வீடு மணக்கிறது. அதை ரசத்தில் பிழிந்திருந்தார். தொட்டுக்கொள்ளக் கசகசா அரைத்துப் போட்ட உருளைக்கிழங்கு. என் ரசத்தை எங்கள் தெருவில் மெச்சாதவர்கள் கிடையாது. அது இனி எனக்கே பிடிக்குமா என்று சந்தேகமாகிவிட்டது. அவருடைய கணவர் வங்கி அதிகாரி. அவர்தான் பரிமாறினார். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் ரசம்" என்றாள் பவித்ரா. ஆறாம் வகுப்பிலிருந்து என்னிடம் படிக்கிறாள். என்னிடம் ஒரு பென்சில்கூட அவள் கேட்டது கிடையாது. கை கழுவப் போனபோது மட்டும் என் காதருகே வந்து, "டீச்சர், இவங்க வூட்ல கவுச்சியே கெடையாதா? மூணு நாளைக்குமா?" என்று கவலைப்பட்டாள். அந்த ஒரு விஷயத்திலாவது எங்கள் ஊர் முந்தியது எனக்குத் திருப்தியாக இருந்தது.

சாயங்காலம் இரண்டு ஆட்டோ மாறி பெஹாலாவில் அவருடைய பள்ளிக்குப் போனோம். பெரிய பள்ளி இல்லை. சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்தது. ஆனால் மாடியில் ஒரு சின்ன அறை முழுவதும் இந்த வேலைக்கென்றே இருந்தது. ஜாம் பாட்டில்களில் மாதவாரியாக மணல், ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் கையெழுத்தில் சீட்டு. காலியாக விட்ட இரண்டு மாதங்களுக்கும் இரண்டு காலி பாட்டில்கள் வைத்து, 'புயல் எச்சரிக்கை, போகவில்லை' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். காலி பாட்டிலைக்கூடத் துடைத்து வைத்திருந்தார்கள். எங்கள் மணல் மாதிரிகள் சத்துணவுக் கூடத்தில் பருப்புச் சாக்குக்குப் பின்னால் இருக்கின்றன.

ஒரே ஒரு மைக்ரோஸ்கோப் இருந்தது, பழைய மாணவர் யாரோ கொடுத்தது. தியாஷா என்ற பெண், பவித்ரா வயதுதான், ஒரு சிட்டிகை மணலை வைத்துக் காட்டினாள். பவித்ரா கண்ணை வைத்தாள். எடுக்கவில்லை. மணலுக்கு நடுவே நீல நிறத்தில் நூல் போல ஒன்று கிடப்பதாகவும், அது உயிருள்ளதா என்றும் என்னிடம் கேட்டாள். அது கயிற்றிலிருந்து பிரிந்த இழை என்று தியாஷா ஆங்கிலத்தில் சொன்னாள். இவ்வளவு சின்னதாகியும் அது சாகாதா என்று பவித்ரா கேட்டதை வைதேகி வங்காளியில் மாற்றிச் சொன்னதும் பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

திரும்பும்போது ஆட்டோவில் பவித்ரா கேட்டாள். "நமக்குக் கெடச்சா எங்க டீச்சர் வப்பீங்க? ஹெச்.எம். ரூம்ல வச்சிப் பூட்டிடுவாங்களா?"

ஒன்பதாம் வகுப்பிலேயே வைப்பேன், சாவி உன்னிடம் இருக்கும் என்றேன். அவளும் நம்பினாள், நானும் நம்பினேன். என் கைப்பையில் பட்டியல் இருந்தது.

மறுநாள் எண்ணும் சனிக்கிழமை. வைதேகியின் பிள்ளைகள் எங்களையும் பக்காலிக்கு அழைத்தார்கள். அதுதான் அவர்கள் எண்ணும் கரை. விடிவதற்கு முன் டாக்குரியா ஸ்டேஷனில் நாம்கானா லோக்கலைப் பிடித்தோம். பிள்ளைகளோடு பொதுப் பெட்டியில் ஏறச் சொன்னார் வைதேகி. பெண்கள் பெட்டிதான் எனக்குச் சரி, எனக்கொன்றும் வழிகாட்டத் தேவையில்லை என்று பக்கத்துப் பெட்டியில் ஏறினேன். பவித்ரா என்னோடு வரவில்லை. தியாஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு போய்விட்டாள்.

மூன்று பேர் இருக்கையில் நான்காவதாக என்னை இழுத்து உட்கார வைத்தார் ஒரு பெண்மணி. நர்சிங் ஹோமில் இரவு வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறவர் என்று சைகையிலும் இந்தியிலுமாகப் புரிந்தது. தன் பொரியில் பாதியை என் கையில் கொட்டினார். மண் குவளையில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, காசு எடுத்தபோது என் கையில் ஓர் அடி போட்டார். எதிரே இரண்டு பேர் மருமகள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பொரி கொடுத்தவர் எனக்கு இந்தியில் எடுத்துச் சொன்னார். "உன் மருமகள் சமைப்பாளா?" "சமைப்பாள், ஆனால் போன் சொல்லிக்கொடுத்தால்தான் சமைப்பாள்." எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

லட்சுமிகாந்த்பூர் என்ற ஸ்டேஷனில் பெட்டியில் பாதிப் பேர் எழுந்தார்கள். அந்தப் பெண்மணியும் எழுந்து, வா என்பது போலத் தலையசைத்தார். கடல் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நானும் இறங்கிவிட்டேன். ரயில் போன பிறகுதான் அவர் விடைபெறத்தான் தலையை ஆட்டினார் என்று தெரிந்தது. வைதேகிக்கு போன் செய்யக் கூச்சமாக இருந்தது. கால் மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "பரவால்ல டீச்சர், அடுத்த லோக்கல் வரும், அங்கேயே நில்லுங்கோ. பவித்ராவ நான் பார்த்துக்கறேன்." அந்தக் கடைசி வாக்கியம் பிளாட்பாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்னோடு நின்றது.

நாம்கானாவில் இறங்கி, நெருக்கியடித்த பஸ்ஸில் பக்காலி போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். இதுவா கடல்? சேற்று நிறத்தில் தட்டையாக எங்கோ தூரத்தில் கிடந்தது. அலை என்று மரியாதைக்குக்கூடச் சொல்ல முடியாது. எங்கள் கடல் பேசினால் வகுப்பில் நான் கத்திப் பாடம் நடத்த வேண்டும். பட்டியலைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நாங்கள் தோற்பதாக நினைத்தது தவறு, கடலில் ஜெயித்துவிட்டோம் என்று மணலில் கம்பீரமாக நடந்தேன்.

சவுக்கு மரங்களுக்குக் கீழே பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். நடுவில் பவித்ரா. அவள் காலடியில் பச்சையும் நீலமுமாக வலைத்துண்டுகள், மடித்து மடித்து அடுக்கியிருந்தாள். தியாஷா கிட்டத்தட்ட அழும் நிலையில் வைதேகியிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். கயிறு கட்டி எண்ணத் தொடங்குவதற்குள் விருந்தாளிப் பெண் கரையில் கிடந்த வலைகளையெல்லாம் பொறுக்கிவிட்டாளாம்.

"ஏம்மா எடுத்தே?" என்று கேட்டார் வைதேகி. குரலில் கோபமில்லை.

"கால்ல படுது ஆன்ட்டி. வலைய மிதிக்கக் கூடாது, பொண்ணுங்க தாண்டவே கூடாது. எங்கூர்ல விடியகாலையிலயே வந்து எல்லாத்தையும் பொறுக்கி வலப்பின்னுற கூடத்துல போட்ருவோம். அதுக்கப்பறந்தான் குப்பைய எண்ணுவோம்."

எங்கள் கரையில் அதுதான் வழக்கம். கிழிந்த வலை குப்பையில் சேராது. வலை பின்னும் கூடத்தில் அதற்கென்று ஒரு குவியல் இருக்கிறது. ஒட்டுப் போட உதவுவதை வைத்துக்கொள்வார்கள். மிச்சம் வேலிக்கும் பாகற்கொடிப் பந்தலுக்கும் ஆடு கட்டவும் போகும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நான் நாகப்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். எண்ணும் நாளில் என் பஸ் ஒன்பது மணிக்கு வரும். பிள்ளைகள் ஆறு மணிக்கே கரைக்கு வந்துவிடுவார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எண்ணி முடிக்கும்வரை எதையும் எடுக்கக் கூடாது என்பது முதல் விதி. அதை முதல் மாதம் நானே வகுப்பில் படித்துக் காட்டியிருந்தேன். குப்பையை எடுக்கக் கூடாது என்றுதான் பிள்ளைகள் அந்த விதியைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

எங்கள் வரிசையில் 'வலை, கயிறு' என்ற கட்டத்தில் பத்து மாதமும் பூஜ்யம். பத்துப் பூஜ்யத்தையும் என் கையால் ஏற்றினேன். ஒரு மாதம் லேசாகச் சந்தேகம் வந்தது உண்மை. மீனவக் கிராமத்தில் வலைத்துண்டு ஒன்றுகூட ஒதுங்காதா என்று தோன்றியது. அதே மாதம் வைதேகியின் கட்டத்தில் பெரிய எண் இருந்ததைப் பார்த்ததும் சந்தேகம் போய்ச் சந்தோஷம் வந்துவிட்டது. எங்கள் ஜனங்கள் பொறுப்பானவர்கள் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

வைதேகி என்னை ஒரு முறை பார்த்தார். பிள்ளைகளைக் கூப்பிட்டு, கயிற்றை அவிழ்த்துக் கரையோரமாக வெகுதூரம் தள்ளிக் கட்டி முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். பவித்ராவைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் குறுக்கே பாய்ந்து அவளுக்காக நான் சண்டை போட்டிருப்பேன், எனக்கு அது உதவியாகவும் இருந்திருக்கும். இந்தப் பெண்மணி அதற்கும் வழிவிடவில்லை. தியாஷா கடுகடுவென்று எண்ண, பவித்ரா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வலைத்துண்டு கிடந்த இடத்தையெல்லாம் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

மதியம் ரோட்டோரக் கடையில் வைதேகி எங்களுக்கு மீன் குழம்பு சொல்லிவிட்டுத் தனக்கு மட்டும் பருப்பு வாங்கிக்கொண்டார். பார்ஷே மீன் என்றார்கள். கடுகு அரைத்த மஞ்சள் குழம்பில் முழுசாகக் கிடந்தது. பவித்ரா வாலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம மடவை, டீச்சர்" என்று அறிவித்தாள். சொந்தக்காரரை அயலூரில் பார்த்த முகம். தியாஷாவுக்கு முள் எடுக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுக்கப் போய், அவள் தன்னைவிட வேகமாக முள் எடுப்பதைப் பார்த்துத் தன் மீனுக்குத் திரும்பினாள். இரண்டு பேரும் மீனில் சமாதானம் ஆகிவிட்டார்கள். என் மீனை நான் பவித்ராவின் தட்டில் வைத்துவிட்டேன்.

திரும்பி வரும் ரயிலில் பவித்ராவை என்னோடு உட்கார வைத்துக்கொண்டேன். சோனார்பூர் தாண்டியதும் அவள், "அப்ப நாம போட்ட சைபரெல்லாம் தப்பா டீச்சர்?" என்றாள்.

"எண்ணும்போது அங்க வலை இருந்துச்சா?"

"இல்ல."

"இல்லாதத இல்லன்னுதானே போட்டோம்."

சரியென்று தலையாட்டினாள். நான் சொன்னால் நம்பிவிடுவாள், அதுதான் அவளிடம் உள்ள கஷ்டம். டாக்குரியா வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். இரவு வைதேகி தோசை வார்த்தார். பூஜ்யத்தைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அவர் கேட்கட்டும், சண்டை போடலாம் என்று காத்திருந்தேன். சட்னி போதுமா என்றுதான் கேட்டார். இவ்வளவு நல்லவளாக ஒருத்தி இருக்க முடியுமா என்று படுக்கையில் புரண்டேன்.

மூன்றாம் நாள் கூட்டம் அலிப்பூரில், ஞாயிற்றுக்கிழமை என்பதால் காலியாக இருந்த ஓர் அரசு அலுவலக மாடியில். நீள மேஜை, சமோசா, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். பிளாஸ்டிக் பாட்டில்தான். அதைப் பார்த்துப் பவித்ராவும் தியாஷாவும்தான் முதலில் சிரித்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்ற கடலியல் பேராசிரியை. குழுவுக்கு அவர்தான் தலைவர். வெள்ளைத் தலை, மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்க்கிற கண். கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. இரண்டு வரிசைகளையும் திரையில் போட்டார்கள். வைதேகியின் இரண்டு காலிக் கட்டங்களும் பல் விழுந்த வாய் போலத் தெரிந்தன. எங்கள் வரிசை முழுசாக இருந்தது.

எல்லா மாதமும் எண்ணிய ஒரே பள்ளி இது என்று தலைவர் எங்களைக் காட்டிச் சொன்னபோது பவித்ரா மேஜைக்குக் கீழே என் கையைப் பிடித்தாள். அடுத்து அவர் விரல் எங்கள் வரிசையில் மேலும் கீழுமாகப் போய் ஓரிடத்தில் நின்றது. மீனவக் கிராமத்தின் கரையில் வலைக் கழிவே இல்லாதது பெரிய சாதனை, மற்ற ஊர்களுக்கும் சொல்ல வேண்டும், எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டார். பாராட்டித்தான் கேட்டார். சந்தேகம் துளியும் இல்லை.

எழுந்தேன். வாய் தானாகத் திறந்தது. எங்கள் மாணவர்கள் மீனவ மக்களிடம் ஏற்படுத்திய அவேர்னெஸ் என்று தொடங்கினேன். இருபது வருட ஆசிரியை நான், இந்த மாதிரிப் பேச்சு எனக்குத் தூக்கத்தில்கூட வரும். மூன்றாவது வாக்கியத்தில் பக்கத்தில் பார்வை போனது. பவித்ரா எழுதிக்கொண்டிருந்தாள். வலை பொறுக்கிய விஷயம் அவளுக்குத் தெரியும். பொறுக்கியவளே அவள்தான். இருந்தும் டீச்சர் சொல்கிறாரே என்று, எண்ணிக்கை எழுதும் நோட்டில், தேதி போட்டு, அவேர்னெஸ் என்ற சொல்லை எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டிருந்தாள்.

அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. தண்ணீர் குடித்தேன். பிறகு சொன்னேன். நான் பேசியது சரியில்லை. எங்கள் கரையில் வலை ஒதுங்குகிறது. நான் வருவதற்கு முன்பே பிள்ளைகள் பொறுக்கி எடுத்துவிடுகிறார்கள். அவர்கள் ஊரில் வலை மிதிக்கக் கூடாத பொருள். தப்பு பிள்ளைகள் மேல் இல்லை, ஒன்பது மணி பஸ்ஸில் வருகிற என் மேல்தான். இவ்வளவையும் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு காதும் சுட்டன.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். வழக்கத்தைப் பற்றிப் பவித்ராவிடம் நிறையக் கேட்டார். வைதேகி மொழிபெயர்த்தார். பொறுக்கிய வலையைக் கூடத்தில் போடுவதற்கு முன் எண்ணிக்கொள்ள முடியுமா என்று கேட்டதற்கு, எண்ணினால் வலைக்குக் கோபம் வராது, மிதித்தால்தான் வரும் என்றாள் பவித்ரா. மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளைப் பாராட்டிவிட்டுத் தலைவர் என் பக்கம் திரும்பினார். எண்ண முடியாமல் போன மாதத்தைக் காலியாக விடலாம், அது குற்றமில்லை. எண்ணாததை இல்லை என்று போடக் கூடாது. எங்கள் வலைக் கட்டத்தைப் பட்டியலிலிருந்து நீக்குவதாகவும், இந்த முறை வைதேகியின் பள்ளியே தேர்வாவதாகவும் சொன்னார். தியாஷா பவித்ராவைக் கட்டிக்கொண்டாள். பவித்ராவும் சிரித்தாள். சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் இருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. அந்த மைக்ரோஸ்கோப் எனக்கு வேண்டும். உண்மையைச் சொன்ன பிறகும் வேண்டும். படிக்கட்டில் இறங்கும்போது, அந்த நோட்டைப் பார்க்காமலே இருந்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன்.

மாலை ஹவுராவுக்கு வைதேகியே கொண்டுவந்து விட்டார். வழிக்குப் புளியோதரை, புது வெல்லம் போட்ட சந்தேஷ் இனிப்பு ஒரு பெட்டி, பவித்ராவுக்கு ஒரு தொப்பி. பவித்ரா தொப்பியோடு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். நான் பெட்டி வாசலில் நின்று, மரியாதைக்கு வாழ்த்துச் சொன்னேன். அவர் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது மாசமே எனக்குத் தெரியும், டீச்சர்."

என்ன தெரியும் என்றேன்.

"அந்த ஜீரோ தப்புன்னு. நாகப்பட்டினம் பக்கத்துல வலை ஒதுங்காதுன்னா யார் நம்புவா? அப்புறம் ஒவ்வொரு மாசமும் பார்த்துண்டே இருந்தேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் நான் நினைத்ததைவிடச் சாதாரணமாக வந்தது.

"சொன்னா நீங்க சரி பண்ணிண்டிருப்பேள். உங்களுக்குக் கடல் வாசல்லயே இருக்கு, ஒரு மாசம் விட்டுப்போகல. நீங்கதான் ஜெயிச்சிருப்பேள். எம் பசங்கள அந்த லோக்கல்ல அடைச்சு அழைச்சுண்டு போறச்சே எல்லாம் உங்களத்தான் நெனச்சுப்பேன். நல்ல விதமா இல்ல."

எட்டு மாதம். ஒரு போன் போட்டிருந்தால் போதும். கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது, அதை மறைத்துப் பயனில்லை. நான் முடிவுக்கு முன்பு சொன்னேன், இவர் முடிவுக்குப் பின்பு சொல்கிறார் என்ற கணக்கு மனதில் ஓடி, ரசத்திலிருந்து ஜாம் பாட்டில்வரை மூன்று நாளாகத் தோற்றதற்கெல்லாம் சேர்த்து ஒரு குளிர்ச்சியைக் கொடுத்தது.

சிக்னல் விழுந்தது. அவர் கம்பியைப் பிடித்திருந்த என் கை மேல் கையை வைத்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் கலங்கவில்லை.

"இப்பவும் அந்த மைக்ரோஸ்கோப்ப நான் விட்டுக்குடுக்க மாட்டேன், டீச்சர்."

நானாக இருந்தாலும் கொடுக்க மாட்டேன் என்றேன். மூன்று நாளில் அவர் முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் நிஜம் அதுதான்.